இடக்கர் அடக்கலும் ஒரு புஸ்தகமும்

இது வீட்டில் உரக்கப் படிக்க ஏற்ற கட்டுரை அல்ல. வயது வந்தவர்கள் தனியே படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போகிற புஸ்தகத்தை எழுதியவர் ஜாக் மாரின் என்ற அமெரிக்க மனோதத்துவ வைத்தியர். 1981-ல் கலிபோர்னியாவில் வெளியாயிற்று. 'ஏனல் ப்ளெஷர் அண்ட் ஹெல்த்' என்று பெயர். 'ஆசனவாயின் இன்பமும் ஆரோக்கியமும்' என்று தமிழில் சொல்லலாம். தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அந்த முகச்சுளிப்பில்தான் விஷயமே இருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிப் புஸ்தகம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். மனிதன் எதை மறைக்கிறான், எப்படி மறைக்கிறான் என்பதைத் தவிர நாவலாசிரியனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறைத்துச் சொல்வதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறோம். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வதை இடக்கர் அடக்கல் என்று நன்னூல் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது. 'கால் கழுவி வந்தான்' என்பது பள்ளிக்கூடத்து உதாரணம். வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, காலைக்கடன் எல்லாம் இந்த வகைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சொற்களைக் கேட்டவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. சொல்தான் மறைகிறதே தவிர, பொருள் மறைவதில்லை. இடக்கர் அடக்கல் என்பது மரியாதையாகச் சொல்லும் முறை. சொல்லாமலே இருந்துவிடும் முறை அல்ல.

திருமூலருக்கு அந்த மரியாதைகூடத் தேவைப்படவில்லை. மூலாதாரம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வந்தவர், எரு வெளியேறும் வாசலைச் சொல்லி, அதிலிருந்து இத்தனை விரல் என்று அளந்தே காட்டிவிட்டார். ஹடயோகக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், அந்த வாசலின் தசையைக் குதிரையைப் போலச் சுருக்கி விரிக்கும் பயிற்சிக்கு அசுவினி முத்திரை என்று பெயரும் கொடுத்தார்கள். இன்றைக்கு நம் படித்த குடும்பங்களில் அந்த இடத்தில் என்ன தொந்தரவு வந்தாலும் 'மூலம்' என்ற ஒரே சொல்தான். வெடிப்பும் மூலம், பவுத்திரமும் மூலம், காயமும் மூலம். வைத்தியர் திரையை இழுத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டால், மலச்சிக்கல் என்பார்கள். வைத்தியரும் அதையே எழுதிக்கொண்டு களிம்பு கொடுத்து அனுப்புவார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வைத்தியம் கிடைத்திருக்கும்.

பழைய நூல்களில் இந்த விஷயத்தைத் தேடிப் போகிறவர்கள் வாத்ஸ்யாயனரிடம்தான் முதலில் போவார்கள். காமசூத்திரத்தின் இரண்டாம் அதிகாரணத்தில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு, ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் சொல்வது, இந்த வழக்கம் தெற்கத்தியரிடமும் இருக்கிறது என்பது. அவ்வளவுதான். தெற்கே இருக்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. நகத்தால் கீறுவதற்கும் பல்லால் கடிப்பதற்கும் வகை வகையாகப் பெயர் வைத்தவர், இந்த இடத்துக்கு வந்ததும் அடுத்த ஊர்க்காரன் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பர்ட்டனின் பெயரால் 1883-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்தச் சூத்திரத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது.

அடுத்த ஊர்க்காரன் தலையில் போடுவது நம் நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. இதற்காக ஆங்கிலத்தில் வழங்குகிற 'பக்கர்' என்ற வசைச்சொல் பல்கேரியர் என்ற பெயரிலிருந்து பிறந்தது. அங்கிருந்த மதவிரோதிகள் மீது ஏவிய பழி, அந்த நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-ல், அந்தச் சொல்லே தூக்குத் தண்டனைச் சட்டமாயிற்று. மெக்காலே தயாரித்து 1860-ல் இந்தியாவுக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவாக மறுபடி பிறந்தது. அந்தப் பிரிவின் வாசகத்தை ஒரு வசனமாக எடுத்துக்கொண்டு பாருங்கள். இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்கிறது. எது ஒழுங்கு, எது மாறு என்று சொல்வதில்லை. குற்றம் இன்னதென்று பெயர் சொல்லவே கூசுகிற சட்டம் அது. ஆனால் ஆயுள் முழுவதும் சிறையில் வைக்க மட்டும் கூசவில்லை. கெட்ட வசனத்துக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மாரின் செய்த காரியம் மிகவும் எளியது. ஊரார் மேலும் போடாமல், இயற்கை மேலும் போடாமல், அந்த உறுப்பையே வர்ணிக்க உட்கார்ந்தார். கதாநாயகன் ஒரு தசை. கேலியாகச் சொல்லவில்லை, புஸ்தகத்தைப் படித்து முடித்தபோது மனசில் நின்றது அந்தத் தசைதான்.

ஆசனவாயை மூடிவைத்திருப்பவை வளையம் போன்ற இரண்டு தசைகள். ஒன்றை ஒன்று தழுவியபடி இருக்கின்றன. வெளி வளையம் நம் சொல்லைக் கேட்கும். சுருக்கு என்றால் சுருங்கும், விடு என்றால் விடும். உள் வளையம் அப்படி அல்ல. இருதயத்தையும் குடலையும் நடத்துகிற, நம் உத்தரவுக்குக் காத்திராத நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது அது. நாம் தூங்கும்போதும் வாசலைக் காப்பதில் பெரும் பங்கு அதனுடையது. பயம் வந்தால் இறுகும். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். மூளை 'சரி' என்று சொன்ன பிறகும் இந்தத் தசை 'இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மாரின் தம் புஸ்தகம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்தின் மேல் கட்டியிருக்கிறார். உள் வளையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, பழக்கப்படுத்தலாம். தனியே, கழுவிய விரலால், குளிக்கும்போது, நாள் கணக்கில், அது எப்போது இறுகுகிறது எப்போது தளர்கிறது என்று கவனிக்கச் சொல்கிறார். இன்னொருவர் வருவதெல்லாம் வெகு நேரத்துக்குப் பிறகு. இன்பத்தைப் பற்றிய புஸ்தகம் என்று வாங்கினவர்கள் ஏமாந்திருப்பார்கள். பாதிப் புஸ்தகம் வரை மூச்சு விடுவதும் காத்திருப்பதுமாகவே போகிறது. எனக்கு அது பிடித்தது. காதல் கதை எழுதுகிறவர்களில் பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

உடற்கூறும் அவசரத்துக்கு விரோதமாகத்தான் அமைந்திருக்கிறது. வாசலிலிருந்து உள்ளே சுமார் ஒன்றரை அங்குலம் குறுகிய பாதை. பிறகு ஐந்தாறு அங்குல நீளமுள்ள மலக்குடல். இரண்டும் நேர்கோட்டில் இல்லை. முதலில் தொப்புளை நோக்கிப் போகிற பாதை, ஒரு தசை கவண்வார் போல முன்னே இழுத்துப் பிடித்திருக்கும் இடத்தில், முதுகெலும்பின் பக்கம் திரும்புகிறது. குந்தி உட்கார்ந்தால் அந்தக் கவண் தளர்வதால்தான் நம் பழைய கக்கூஸில் சிரமம் குறைவு. அந்தக் குறுகிய பாதையின் நடுவே பல் பல்லாக ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல் வகை. ஊசி முனை பட்டாலும் துடிக்கும். மேலே இருப்பது குடல் வகை. அழுத்தமும் நிறைவும் தெரியும், கீறல் தெரியாது. இன்பம் வாசலருகில்தான் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். உள்ளே காயம் பட்டால் உடனே தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆழத்தில் சாகசம் செய்கிறவர்கள் இந்த இரண்டாவது காரணத்தை மறக்கக்கூடாது.

அங்கே இன்பம் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு உடற்கூற்றிலேயே பதில் இருக்கிறது. பிறப்புறுப்புக்குப் போகிற நரம்பின் கிளைதான் ஆசனவாய்க்கும் போகிறது. உச்சத்தின்போது அதன் தசையும் கூடவே தாளம் போட்டுச் சுருங்குவதை மாஸ்டர்ஸும் ஜான்ஸனும் 1966-லேயே பதிவு செய்துவிட்டார்கள். ஆணுக்கு, உள்ளே இரண்டு மூன்று அங்குலத்தில், முன்சுவருக்கு அப்பால், பெரிய நெல்லிக்காய் அளவில் புரோஸ்டேட் சுரப்பி இருக்கிறது. பெண்ணுக்கு யோனிக்கும் மலக்குடலுக்கும் நடுவே மெல்லிய சுவர் ஒன்றுதான். ஆகவே இது ஆணோடு ஆண் சேரும் விஷயம் மட்டும் என்று நினைப்பது அறியாமை. எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிடிக்காதவர்களை மாரின் குறைத்துப் பேசவில்லை; பிடிக்காது என்று கண்டுகொள்வதும் ஒரு முடிவுதான் என்கிற தோரணையில் எழுதுகிறார்.

புஸ்தகத்தின் சிறந்த பகுதி வலியைப் பற்றியது. முதலில் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுவதும் உண்டு. மாரின் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வலி என்றால் உள் வளையம் இன்னும் மூடியிருக்கிறது, அல்லது பாதையின் திருப்பத்தில் இடிக்கிறது, அல்லது ஈரம் போதவில்லை, அல்லது மனசு அங்கே இல்லை. எதுவானாலும் நிறுத்த வேண்டும். மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவிக்கொள்வது அவருக்கு ஆகாது. எனக்கும் அது அபாயமாகவே படுகிறது. சாராயத்தைக் குடித்துவிட்டுத் துணிவதும் அதே ரகம். காவல்காரன் வாயைப் பொத்திவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

இந்த இடத்தில் நம் நாட்டு விவகாரம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவைக் கத்தரித்தது. நல்ல தீர்ப்பு. சம்மதமில்லாததைத் தண்டிக்க அந்தப் பிரிவின் மீதிப் பகுதி உயிரோடு இருந்தது. 2024 ஜூலை 1-ல் புதிய நியாய சன்ஹிதை அமலுக்கு வந்தபோது அந்த மீதியும் போயிற்று. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. சத்தீஸ்கரில் 2017-ல் ஒரு பெண், கணவன் பலவந்தமாக இப்படி நடந்துகொண்டதால் குடல் கிழிந்து இறந்தாள் என்பது வழக்கு. கீழ்க்கோர்ட்டு பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. சட்டத்தில் மனைவிக்கு எதிராக இருக்கும் விதிவிலக்கைக் காட்டி, கணவன் மனைவிக்குள் சம்மதம் என்பது முக்கியமல்ல என்று சொல்லிற்று. மாரின் கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு, மனசார இசைந்தவர்களிடம்கூட அந்தத் தசையின் 'இல்லை'யைக் கேளுங்கள் என்று ஒரு புஸ்தகம் முழுக்க மன்றாடுகிறார். இங்கே ஒரு மனுஷி வாய்விட்டு அலறியதற்கே சட்டத்தில் இடம் இல்லை.

புஸ்தகம் வந்த வருஷம் விசேஷமானது. அதே 1981-ல், ஜூன் 5-ஆம் தேதி, பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற வியாதியைப் பற்றிய முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளியாயிற்று. இன்பத்தைப் பயமில்லாமல் பேச ஒருவர் வாயைத் திறந்த வருஷத்திலேயே பயம் வந்து சேர்ந்துவிட்டது. இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. மலக்குடலின் உட்தோல் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. யோனியினுடையது பல அடுக்கு. கிருமி உள்ள ஒருவரிடமிருந்து, உறை இல்லாமல், ஒரு தடவையில் ஏற்கிறவருக்குத் தொற்றுகிற வாய்ப்பு இந்த வழியில் 10,000-க்கு 138 என்றும், யோனி வழியில் 10,000-க்கு 8 என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கணக்கிட்டிருக்கிறது. கிருமி உள்ளவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், உடலுறவால் தொற்றுவதில்லை என்பதும் இன்று நிச்சயமான விஷயம். முன்கூட்டியே சாப்பிடுகிற தடுப்பு மாத்திரை 2012 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அசம்பாவிதம் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பிக்க வேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கேட்கலாம். கேட்க வாய் வரவேண்டும்.

மாரினிடம் எனக்குக் குறைகள் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் சமையல் புஸ்தகம் மாதிரி பயிற்சிகளாக வருகிறது. கண்ணாடி முன் நில், இதைக் குறித்துக்கொள், அதை எழுதிவை. தாழ்ப்பாள் போட்ட தனி ஸ்நான அறையும், யாரும் கதவைத் தட்டாத ஒரு மணி நேரமும் எல்லோருக்கும் உண்டு என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறார். ஒரு குளியலறைக்கு ஏழு பேர் வரிசை நிற்கிற மாம்பலத்து வீட்டை அவர் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மனசின் இறுக்கமே காரணம் என்று சொல்வதிலும் கொஞ்சம் உற்சாகம் மிஞ்சிவிட்டது. மனோதத்துவ வைத்தியர்களுக்கு இது தொழில் வியாதி. ஹாஸ்யமும் போதாது. அந்த உறுப்பைப் பற்றி எழுதி ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க மிகுந்த கட்டுப்பாடு வேண்டும். பிரசுரகர்த்தர்களுக்கு ஹாஸ்யம் இருந்திருக்கிறது. கம்பெனியின் பெயர் 'டவுன் தேர் பிரஸ்', அதாவது 'அங்கே கீழே' பிரசுராலயம். ஆங்கிலத்திலும் இடக்கர் அடக்கல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

யாராவது இதைத் தமிழில் கொண்டுவந்தால் நல்லது. அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். பயிற்சிகளில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிடலாம். சொற்களுக்குத் திண்டாட வேண்டியதில்லை. ஆசனவாய், மலக்குடல் என்பவை ஆஸ்பத்திரியில் புழங்குகிற சொற்கள். எருவாய் என்பது அதற்கும் பழசு. ஆனால் நம் ஊருக்கென்று சில பக்கங்கள் சேர்க்க வேண்டும். முக்கியமாகத் தேங்காய் எண்ணெய். இந்த வாசல் தேவையான ஈரத்தைத் தானே சுரந்துகொள்ளாது, வழுவழுப்புக்கு வெளியிலிருந்துதான் வேண்டும் என்பது தெரிந்ததும், நம்மவர்கள் கை போகிற இடம் தலைக்குத் தடவுகிற புட்டிதான். எண்ணெய் எதுவானாலும் ரப்பர் உறையைச் சில நிமிஷங்களில் வலுவிழக்கச் செய்துவிடும். வாஸலினும் அப்படியே. மருந்துக்கடையில் தண்ணீரில் கரைகிற ஜெல்லி கிடைக்கிறது; நிரோத்தோடு அதுதான் ஒத்துப்போகும். அங்கே பட்ட உறையோடு யோனிக்குப் போகக்கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அடிப்பாகம் அகலமில்லாத பொருள் எதையும் உள்ளே விடக்கூடாது. மலக்குடல் அதை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், பிறகு கத்தி வைக்கிற டாக்டரிடம்தான் போக வேண்டிவரும். இப்படிப் போகிறவர்கள் எல்லாம் 'வழுக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்' என்று ஒரே கதையைச் சொல்வார்கள் என்று ஒரு சர்ஜன் என்னிடம் சொன்னார். கதையைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வருகிறார்களே, அதுதான். வயிற்று வலியும் ஜுரமும் நிற்காத ரத்தமும் சேர்ந்தால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சுத்தத்தைப் பற்றிய நம் கவலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். சாதாரண சமயத்தில் மலக்குடல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். மலம் தங்குவது அதற்கு மேலே, பெருங்குடலின் கடைசி வளைவில். நார்ச்சத்துள்ள சாப்பாடும் சாதாரணக் கழுவலும் போதும். எனிமா குழாயை ஓயாமல் போட்டுக்கொள்வது உட்தோலைப் புண்ணாக்கும்.

புஸ்தகத்தின் நாலாம் பதிப்பு 2010-ல் வந்தது. மாரின் 2013-ல் காலமானார். என்னிடம் இருப்பது பழைய புஸ்தகக் கடையில் வாங்கின பிரதி. முந்தைய சொந்தக்காரர் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் 'கணக்கியல்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். வலியைப் பற்றிய பக்கங்களில் மட்டும் பென்ஸில் கோடு இருக்கிறது.